சன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் சக்திமான்

சமூக ஊடகங்களில் '90ஸ் கிட்ஸ்' என்று ஒரு புதிய இனம் உருவாகிப் பல வருடங்கள் ஆகின்றன. சக்திமான், மோக்லி, ஒளியும் ஒலியும், மொட்டைமாடி ஆன்டெனா என்று நான்கு படங்களை ஒட்டி "இதெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று ஒரு மீம் வரும். கீழே வரிசையாகப் பெருமூச்சுகள். அந்தப் பெருமூச்சுகளுக்கு நடுவே தவறாமல் ஒரு பின்னூட்டம் இருக்கும்: "தெருவே ஒரு வீட்டுல உட்கார்ந்து டி.வி. பார்த்தோம். அப்ப எங்க சாதி இருந்துச்சு? இப்பதான் எல்லாரும் சாதி பேசுறாங்க."

தெருவே உட்கார்ந்து பார்த்தது உண்மைதான். எந்தத் தெரு என்பதுதான் கேள்வி. அந்த வீட்டில் யார் நாற்காலியில் இருந்தார்கள், யார் தரையில் இருந்தார்கள், யார் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்கள், யார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நினைவு. இல்லையென்றால் அது விளம்பரம்.

போடிநாயக்கனூரையும் அதற்கு மேலே ஏறும் ஏலமலைச் சரிவுகளையும் வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் வளர்ந்த இடம் அது என்பது ஒரு காரணம். ஒரு பொருள் மலையிலிருந்து கீழே இறங்குவதற்கும் ஒரு வசதி கீழேயிருந்து மேலே ஏறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே கண்ணால் பார்க்க முடியும் என்பது இன்னொரு காரணம். நூறு வருடங்களுக்கு முன்பே டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அந்தப் பெட்டிகளைக் கொண்டுவர ஒரு ரயிலே ஓடியது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. சரக்குக்கு வழி எப்போதும் சீக்கிரம் கிடைத்துவிடும். அதைச் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் எல்லாமே தாமதமாக வரும். பள்ளிக்கூடம், மின்சாரம், கடைசியில் டி.வி.யும் அப்படித்தான்.

அலைக்குச் சாதி தெரியாது

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் பக்கம் படம் தெரிந்தது, 80களில் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகுதான். அந்த அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவில் ஒரு மலைமுகடு நின்றால் படம் வராது, புள்ளிகள்தான் வரும். அதனால் சரிவுகளில் ஒரு வீட்டில் படம் கண்ணாடி மாதிரி தெரியும், நூறடி தள்ளி மடிப்புக்குள் இருக்கும் வீட்டில் இரைச்சல் மட்டும் கேட்கும். மூங்கிலைக் கட்டி உயர்த்திய ஆன்டெனா, பூஸ்டர், கூரைமேல் ஒருவர், வாசலில் ஒருவர், "தெரியுதா?", "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்ற கூப்பாடு. இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான நினைவுதான். அலைக்குச் சாதி தெரியாது. மலை மறைத்தால் வராது, அவ்வளவுதான். அலை வந்து இறங்கிய வீட்டுக்குத்தான் சாதி தெரியும்.

பெட்டி இருந்தது சிலர் வீட்டில். தோட்டம் வைத்திருந்தவர், ஏலக்காய் வியாபாரம் செய்தவர், அரசு வேலையில் இருந்தவர். அந்த வீடுகளுக்குள் போக எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கால் கூசும். கூசியது கூச்சத்தால் இல்லை. "அங்கனயே நில்லு" என்ற ஒரு வார்த்தை முன்பே கேட்டிருக்கும். சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். விருந்தாளி வந்தால் சன்னல் சாத்தப்படும். கொசு வருகிறது என்று சாத்தப்படும். சில வேளை காரணமே இல்லாமலும் சாத்தப்படும். கதையின் பாதியில் சாத்தப்பட்ட சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்து மீதிக் கதையை நாங்களே செய்துகொண்டோம். இந்தி தெரியாது. படமும் இல்லை. அப்படியும் எங்களுக்குள் சக்திமான் ஜெயித்தார்.

ஒரு வீட்டில் மட்டும் உள்ளே விட்டார்கள். அங்கே பிள்ளைகள் முன்னால் ஆளுக்கொரு முறம் ஏலக்காய் வைக்கப்பட்டது. படம் ஓடும்வரை காம்பு கிள்ளித் தரம் பிரிக்க வேண்டும். பெரியவர்களுக்கு அதற்குக் கூலி உண்டு. எங்களுக்கு டி.வி.தான் கூலி. அதைக் கொடுமையென்று அன்று யாரும் நினைக்கவில்லை. இலவசமாக டி.வி. காட்டுகிற நல்ல வீடு என்றுதான் பெயர்.

ஊராட்சி டி.வி. ஒன்றும் இருந்தது. பல கிராமங்களில் முன்பு ரேடியோ வைத்திருந்த அறையில் பிறகு டி.வி. வந்தது. மரக்கதவு போட்ட பெட்டி, அதற்கொரு பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சாவி, அந்தச் சாவிக்கு ஒரு ஆள். பொதுப் பணத்தில் வாங்கிய டி.வி.யைப் பொது இடத்தில்தான் வைத்தார்கள். ஆனால் ஊர்ச் சாவடியும் கோயில் முற்றமும்தான் 'பொது இடம்' என்று எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. காலனிப் பிள்ளைகள் அங்கே போனால் யாரும் அடித்து விரட்ட வேண்டியதில்லை. "யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளிக்குப் போனபோது உட்காரத் தனியாக ஒரு சாக்குத்துணி கொண்டுபோக வேண்டியிருந்தது. மாலையில் அதை வீட்டுக்கே தூக்கி வர வேண்டும். பள்ளிக்கூடம் அவரை உள்ளே விட்டது, தரையைத்தான் பங்கிடவில்லை. தொண்ணூறு வருடங்கள் கழித்து வந்த தொலைக்காட்சி எங்களுக்கு அந்தச் சாக்கையும் கொடுக்கவில்லை, சன்னலைக் கொடுத்தது. கருவி புதிது, உட்காரும் வரிசை பழையது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிறு காலைகளில் நாடே 'மகாபாரதம்' பார்த்தது. தெருக்கள் வெறிச்சோடின என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். போடி வட்டாரத்தில் தெருக்கள் வெறிச்சோட வேறொரு காரணமும் இருந்தது. 1989 செப்டம்பரில் போடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தலித் மக்கள்மீது சாதி வன்முறை நடந்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் தர்மத்துக்கும் அதர்மத்துக்குமான யுத்தம் திரையில் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்தத் தலைமுறையின் குழந்தைப் பருவத்தை 'பொற்காலம்' என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்க்கட்டும்.

ஜீப் ஏறிப் போன அம்மாக்கள்

குழந்தைகள் டி.வி.யைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்பது நடுத்தர வர்க்கத்தின் நிரந்தரப் புகார். எங்கள் பக்கம் அந்தப் புகாருக்கு அர்த்தமே வேறு. போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பெண்கள் விடியுமுன்பே தூக்குவாளியோடு ஜீப் ஏறுவார்கள். முந்தல் சோதனைச்சாவடி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் போவார்கள். ஏலக்காய் எடுப்பது குனிந்தே செய்கிற வேலை. செடியின் அடியில்தான் காய் இருக்கும். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குவார்கள். வீடு வந்து சேரும்போது இருட்டியிருக்கும்.

பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? அம்மாச்சி இருந்தால் அம்மாச்சி. அவரும் வேலைக்குப் போகிறவர் என்றால், டி.வி. ஓடுகிற வீட்டுச் சன்னல். மேலே எஸ்டேட் லயங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதுதான் நிலை. அவர்கள் டி.வி.யோடு செலவழித்த நேரம் சோம்பலில் கழிந்த நேரம் இல்லை. அம்மாவின் உழைப்பு நேரம் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு நீண்டது அது. அந்த மணித்துளிகளைச் சேர்த்துத்தான் உலகச் சந்தைக்குப் போகிற ஏலக்காயின் விலை குறைவாக வைக்கப்பட்டது.

திரை என்ன சொல்லிக்கொடுத்தது

உட்கார்ந்த இடம் ஒரு பாடம் சொன்னது. திரையும் தன் பங்குக்குச் சொன்னது.

1997 செப்டம்பரில் தொடங்கிய 'சக்திமான்' எங்கள் எல்லோருக்கும் உயிர். துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சுற்றாத பையன் இல்லை. அந்தச் சக்திமான் சாதாரண மனிதனாக வரும்போது பெயர் கங்காதர் என்றுதான் நமக்குத் தெரியும். முழுப் பெயர்: பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. அதை நகைச்சுவைக்காக நீட்டி முழக்குவார்கள், நாங்களும் சிரித்தோம். யாரும் சொல்லித் தராமலே ஒன்று மனதில் தங்கியது: உலகத்தைக் காப்பாற்ற வருகிறவர் கூடையும் முறமும் தூக்குகிற வீட்டிலிருந்து வரமாட்டார். அவருடைய சக்தி ரிஷிகள் தந்த யோக சக்தி. எதிரி தம்ராஜ் கில்விஷ் இருட்டின் அரசன், இருள் நிலைக்க வேண்டும் என்பதே அவனுடைய முழக்கம். வெளிச்சம் நல்லது, கறுப்பு கெட்டது. கறுத்த பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே இருட்டில் நின்று இதைப் பார்த்தோம்.

இது ஒரு தொடரின் குற்றம் என்றால் விட்டுவிடலாம். 'மகாபாரதம்' ஏகலைவனின் கட்டைவிரலைக் குருபக்தியின் உச்சமாக நமக்குக் காட்டியது. படிக்க ஆசைப்பட்டவனின் விரலை வெட்டி வாங்கியது ஏன் குற்றமில்லை என்று கேட்க, சின்ன வயதில் பக்கத்தில் ஆளில்லை. 2008இல் வந்த 'சோட்டா பீம்' இன்றைக்கும் ஓடுகிறது. சிவந்த கன்னத்தோடு சுட்கி, எல்லோரையும் காப்பாற்றும் பீம், எல்லோரையும் சீண்டும் கறுத்த, பருத்த காலியா. 'காலா' என்றால் கறுப்பு. வில்லனுக்குப் பெயர் வைக்க அவன் நிறமே போதும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற தொடர் அது. நம் வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகளைக் 'காலியா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மாற்றும் வந்தது, எதிர்பாராத திசையிலிருந்து. சுட்டி டி.வி. 2007இல் தொடங்கி, வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேச வைத்தது. 'டோராவின் பயணங்கள்' எங்கள் தெருவில் அடுத்த தலைமுறையைக் கட்டிப்போட்டது. மாநிறமுள்ள ஒரு சிறுமி, முதுகில் ஒரு பை, கையில் ஒரு வரைபடம். பாலத்தைத் தாண்டுவாள், காட்டைத் தாண்டுவாள், எந்த ஊருக்குள்ளும் நேராக நடந்து போவாள். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று வழியில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட தொடர் அது. விலக்கி வைக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் குழந்தையை நாயகியாக்கினால் உலகமே அவளோடு நடக்கும் என்பதற்கு அது சாட்சி. நம் ஊரில் அப்படி ஒரு தொடரை எடுக்க இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை.

சன்னலை மூடியது எது?

சன்னலுக்கு வெளியே நிற்பது எப்போது முடிந்தது? மனம் மாறி யாரும் கதவைத் திறக்கவில்லை. 2006 செப்டம்பர் 15 அன்று தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் திட்டம் நிற்பதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. 14 அங்குலப் பெட்டி. ஓலைக் கூரையிலும், ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டிலும் அது ஓடியது.

அந்தத் திட்டத்தைப் பற்றி எவ்வளவு கேலி! "சோறில்லாதவனுக்கு டி.வி. எதற்கு?", "மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்", "வரிப்பணம் வீண்". சொன்னவர்களில் பெரும்பாலோர் வீட்டு வரவேற்பறையில் ஏற்கெனவே டி.வி. இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எஸ். சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. கூடவே தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. 'இலவசம்' என்ற சொல் வசவாக மாறிய கதையில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

திட்டத்தின் மீது நியாயமான விமர்சனங்கள் இருக்கின்றன. கேபிள் தொழிலில் இருந்தவர்கள் அதனால் கொழுத்தார்கள் என்பது அதில் முக்கியமானது. பெட்டி இலவசம், மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டியது கூலிக்காரர்கள்தான். அந்தப் பெட்டி வழியாக வந்த நெடுந்தொடர்களில் எத்தனை சாதிப் பெருமை, எத்தனை பெண்ணடிமைத்தனம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் முதன்முதலாகத் தங்கள் வீட்டுத் தரையில், கால் நீட்டி, சத்தமாகச் சிரித்து டி.வி. பார்த்தார்கள். சன்னலைச் சாத்தும் அதிகாரம் அடுத்த தெருவிடமிருந்து போய்விட்டது. முறத்தில் ஏலக்காயை வைத்துக் காத்திருந்த வீட்டுக்குப் பிள்ளைகள் வரவில்லை. சமத்துவத்துக்காக அறிவிக்கப்பட்ட எத்தனையோ திட்டங்கள் செய்யாததை, சமத்துவம் என்ற பெயரே வைக்காத ஒரு திட்டம் செய்தது.

பொருளாதார நிபுணர்கள் அதைச் 'செலவு' என்ற தலைப்பில் எழுதுவார்கள். ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் "அங்கனயே நில்லு" என்பதைக் கேட்காமல் வளர்வதற்கு என்ன விலை என்று எழுத அவர்களிடம் கட்டம் கிடையாது.

2020 ஊரடங்கில் இதற்கு இன்னொரு நிரூபணம் கிடைத்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்மார்ட்போன் இருந்த பிள்ளைகள் இணைய வகுப்புக்குப் போனார்கள். இல்லாத பிள்ளைகளுக்கு அரசு 2019 ஆகஸ்ட்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் வகுப்பறை. மலைச் சரிவில் செல்போன் அலைவரிசை தேடிப் பாறை மேல் ஏறிய பிள்ளைகளின் கதை நாடு முழுக்க உண்டு. 'வீண்' என்று திட்டப்பட்ட அந்தப் பெட்டி பழுதாகாமல் மிஞ்சியிருந்த வீடுகளில் பாடம் நடந்தது.

இப்போது திரை கைக்குள்

இந்தக் கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் கடந்த காலம் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்குச் சன்னல் பிரச்சினை இல்லை, ஆளுக்கொரு திரை கையில் இருக்கிறது. அந்தத் திரையில் என்ன ஓடுகிறது? சாதிச் சங்கக் கொடியின் நிறத்தில் எழுத்துகள், வீரப் பாட்டு, அரிவாள், குருபூசைக்கு வண்டியில் தொங்கிக்கொண்டு போகும் பையன்கள். எட்டாம் வகுப்புப் பையன் தன் சாதி என்ன என்பதை அப்பாவிடம் கேட்பதற்கு முன்பே ரீல்ஸில் பார்த்துவிடுகிறான். முன்பு சாதி, டி.வி.க்கு முன்னால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னது. இப்போது திரைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. அறிக்கை வந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. கயிற்றை அவிழ்ப்பது அவசியம். ஆனால் பள்ளி வாசலில் அவிழ்த்த கயிற்றை மாலையில் செல்போன் திரும்பக் கட்டிவிடுகிறது. அதற்கு ஈடாகப் பிள்ளைகளுக்கு நாம் என்ன காட்டுகிறோம்?

காட்டுவதற்குக் கதை இல்லாமலா இருக்கிறது? ஏலமலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார் அய்யன்காளி. அவள் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். கேரள அரசு 2022இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது. ஒரு பெஞ்சில் உட்கார ஆசைப்பட்ட சிறுமியின் கதை, எரிந்தாலும் தோற்காத கதை. எந்தக் குழந்தைகள் தொடருக்கு இதைவிட நல்ல கரு வேண்டும்? மலைக்கு இந்தப் பக்கம் இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார், அயோத்திதாசர் இருக்கிறார். குரங்கணிக்கு மேலே முதுவான் பிள்ளைகள் சொல்லும் காட்டுக் கதைகள் இருக்கின்றன. 2015இல் மூணாறில் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்கள் தாங்களே நடத்தி வென்ற பெம்பிளை ஒருமை போராட்டம் இருக்கிறது. லயத்தில் வளர்கிற ஒரு பெண்பிள்ளையின் கண்ணால் அதைச் சொன்னால் டோராவைவிடப் பெரிய பயணம் அது.

தமிழ்நாட்டில் அரசின் கையில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையே இருக்கிறது. பாடம் நடத்துவதோடு அது நிற்கக் கூடாது. இந்தக் கதைகளைக் கார்ட்டூனாக, தொடராக எடுக்கட்டும். நாயகனுக்குச் சாஸ்திரி என்று பெயர் வைக்கிற வழக்கத்தை உடைத்து, காலனியிலும் லயத்திலும் மலைக்குடியிலும் புழங்குகிற பெயர்களை வைக்கட்டும். கறுத்த பிள்ளை கதையில் ஓரமாக நின்று அடிவாங்காமல் நடுவில் நிற்கட்டும். நூலகமோ படிப்பகமோ கணினி மையமோ எதைக் கட்டினாலும் முதலில் காலனிக்குள் கட்டட்டும். ஊர்ப் பிள்ளைகள் அங்கே நடந்து வரட்டும். 'பொது இடம்' என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் மாறும்.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை "அப்ப எங்க சாதி இருந்துச்சு?" என்று யாராவது பொற்காலத்தைப் பகிர்ந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எங்க உட்கார்ந்து பார்த்தீங்க?" பதில் வரும்வரை விடாதீர்கள். உங்கள் வீட்டிலும் அம்மாவிடம், அம்மாச்சியிடம் இதையே கேட்டு எழுதி வையுங்கள். நாற்காலியில் இருந்தவர்களின் நினைவு போதுமான அளவு பதிவாகிவிட்டது. சன்னலுக்கு வெளியே நின்றவர்களின் நினைவு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.